பேரியம் டீச்சரின் தீர்த்தம்

லஸ் பக்கம் இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீரஜா ரசாயனம் சொல்லிக்கொடுத்தாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் 'பேரியம் டீச்சர்' என்று பெயர். பெண்கள் வைத்த பெயர்தான். காரணமில்லாமல் வைப்பார்களா? அந்த வயசில் டீச்சர்களைக் கவனிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வேலை! சோடியத்தையும் கால்சியத்தையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போகிறவள், பேரியம் வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். குரல் இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்து அலமாரியில் பேரியம் குளோரைடு பாட்டிலின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதைத் தொட்டவள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, திரும்பவும் ஒரு தரம் கழுவிவிட்டுத்தான் வெளியே போகலாம்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சில வருஷத்துக்கு முன்னால் முத்துலட்சுமி என்கிற பெண், உறிஞ்சுகுழாயில் அந்தக் கரைசலை வாயால் இழுக்கும்போது, பக்கத்துப் பெண் ஏதோ சொன்னாளென்று சிரித்துத் தொலைத்தாள். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. நீரஜாவுக்கு மட்டும் அன்றைக்குக் கை ஓடியது. பேரியத்தைக் கட்டிப்போட சல்பேட் வேண்டும். வயிற்றுக்குள்ளேயே கரையாத வெள்ளைப் பொடியாக அதை இறக்கிவிட வேண்டும். அலமாரியிலிருந்த பேதி உப்பை, மக்னீசியம் சல்பேட்தான் அது, தண்ணீரில் கரைத்து, "கசக்குது டீச்சர், கசக்குது டீச்சர்" என்று அழுத பெண்ணின் மூக்கைப் பிடித்துப் புகட்டி, ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பெண் பிழைத்துக்கொண்டாள். சரியான சமயத்தில் கொடுத்தீர்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதிலிருந்து நீரஜாவின் கைப்பையில் குங்குமச் சிமிழ், சில்லறைப் பர்ஸ் இவற்றோடு ஒரு சின்னப் பாட்டில் பேதி உப்பும் குடியேறிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூட வரும். கணவர் கல்யாணராமன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தார். நல்ல சாப்பாட்டு ராமன். ரசவடை என்றால் உயிர். மந்தைவெளியிலிருந்த வாடகை வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரே பெண் கல்யாணமாகி டெல்லிக்குப் போய்விட்டாள். எழுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் அந்த ரசவடைக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிட்டது என்றார். பிறகு வலி. பிறகு வாந்தி. ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் முடிந்து, குடும்ப டாக்டர் சிதம்பரநாதனிடம் போனார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சீட்டில் எழுதினார்.

"பேரியம் மீல் எடுத்துடுவோம் டீச்சர். தி.நகர்ல நமக்குத் தெரிஞ்ச எக்ஸ்ரே இடம் இருக்கு."

நீரஜாவுக்குக் குப்பென்று வியர்த்தது. "பேரியமா டாக்டர்? குடிக்கிறதுக்கா?"

"சல்பேட்தான். கரையாது, உடம்புல ஒட்டாது. வந்த வழியே போயிடும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அதுதான் சங்கடம். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரையாது என்று அவள் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பாள்! கனமான அணு, எக்ஸ்ரே கதிரைத் தன்னைத் தாண்டிப் போகவிடாது, அதனால் வயிற்றின் உள்வடிவம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எல்லாம் தெரியும். அதோடு கூட, சல்பேட்டுக்குப் பதில் கார்பனேட் கலந்துவிட்டால் வயிற்று அமிலமே அதைக் கரைத்து விஷமாக்கிவிடும் என்றும் தெரியும். எலி மருந்தில் போடுகிற சாமான் அது. எங்கோ கண்காணாத ஊரில் அப்படி மாறிப்போய் ஓர் உயிர் போனதாக ஒரு தடிப் புத்தகத்தில் பொடி எழுத்தில் படித்திருந்தாள். படித்தவர்களுக்கு இது ஒரு சாபம், அரைப் பக்கம் ஆறுதல் சொன்ன புத்தகத்தில் அந்தப் பொடி எழுத்துதான் மனசில் தங்கும்.

அன்று சாயங்காலமே தனியாக பஸ் பிடித்து தி.நகருக்குப் போனாள். பனகல் பார்க்கைத் தாண்டி ஒரு மாடியில் எக்ஸ்ரே கூடம். மருந்து கலக்கிக் கொடுக்கிறவர் மெஹபூப் பாஷா, காக்கி அரைக்கால் சட்டையும் பெரிய மீசையுமாக இருந்தார். அவரிடம் போய் டின்னைக் காட்டச் சொன்னாள். லேபிளைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"இதே டின்தானா? வேற டின் எதுவும் பக்கத்துல வெக்கறதில்லையே?"

"இன்னாம்மா இது, போலீஸ் மாதிரி கேட்டுக்கினு கீற! தெனம் குடிக்கிறாங்கம்மா ஜனங்க. கொஞ்சம் சுண்ணாம்பு வாசன அடிக்கும், அவ்ளோதான். நான் ரோஸ் எசன்ஸ் ஊத்திக் குடுக்குறேன் உன் வூட்டுக்காரருக்கு, போதுமா?"

போதவில்லை. லேபிள் சரிதான். லேபிளுக்குள்ளே இருப்பது? டின்னை நிரப்பினவன் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால்? பஸ்ஸில் திரும்பி வரும்போது கைப்பையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. விஷத்துக்குப் பிறகு முறிவு கொடுப்பதைவிட, முன்னாலேயே கொடுத்துவிட்டால் என்ன? வயிற்றில் சல்பேட் காத்துக்கொண்டிருந்தால், எந்த பேரியம் வந்தாலும் வரட்டுமே!

ஆனால் வெறும் வயிறு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. கல்யாணராமனோ சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆசாமி; கொடுத்தால் வாங்க மாட்டார். அவர் எதை மறுக்க மாட்டார் என்று கட்டினவளுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் ஏகாதசி உபவாசத்திலும் பெருமாள் தீர்த்தம் கணக்கில் சேராது. படம் எடுக்கிற அன்று விடிந்ததும் குளித்துவிட்டு, பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளித் தம்ளரில் உப்பைக் கரைத்தாள். மேலே ஒரு துளசி இலை மிதக்கவிட்டாள். சுவாமியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"ஏன்னா, தீர்த்தம். பெருமாளை நெனச்சுண்டு குடிங்கோ."

கல்யாணராமன் தம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார்.

அவள் எதை மறந்தாள் தெரியுமா? பேதி உப்புக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை மறந்துவிட்டாள். முறிவு, முறிவு என்றே வருஷக்கணக்கில் சுமந்தவளுக்கு அதன் அன்றாட வேலை ஞாபகத்துக்கு வரவில்லை. உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் குடலுக்கு இழுத்துவிடுகிற சாமான் அது. ஐயோ, அன்று அந்த எக்ஸ்ரே கூடத்தில் கல்யாணராமன் பட்ட பாடு! பாஷா கொடுத்த வெள்ளைக் கஞ்சியைப் பாதி குடிப்பதற்குள் கழிப்பறையைக் கேட்டு ஓடினார். வந்து மீதியைக் குடித்தார், திரும்பவும் ஓடினார். "இன்னா சார், ராத்திரி கல்யாண விருந்தா?" என்று பாஷா கேட்டார். நீரஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்ரே டாக்டர் ஈரப் படத்தைக் கம்பியில் மாட்டி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சுளித்தார்.

"வயிறு காலியா இல்லையே சார். உள்ள தண்ணி நிக்குது. காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்லை" என்றார் கல்யாணராமன். பாவம், தீர்த்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நீரஜா நினைத்தாள். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

படத்தைப் பார்த்த சிதம்பரநாதன், கல்யாணராமனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றின் கீழ்க்கோடியில், வெள்ளையாக நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு நிழல்.

"படம் சரியா விழலை. தண்ணி தேங்கினாலும் சில சமயம் இப்படி ஏமாத்தும். அதனால உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன். தீபாவளி கழிச்சு இன்னொரு தரம் எடுப்போம். அப்பவும் இதே மாதிரி இருந்தா..." பேனாவை மூடி வைத்தார். "அடையாறுக்கு எழுதித் தரேன்."

அடையாறு என்றால் ஆலமரமும் கடற்கரையும் இருக்கிற ஊர்தான். ஆனால் டாக்டர் வாயிலிருந்து வந்தால் மதராஸில் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்று, அங்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி. வியாதியின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'அடையாறில் காட்டுகிறார்கள்' என்பார்கள், கேட்டவர் உச்சுக் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

நான் உப்பு கொடுத்தேன் டாக்டர், தண்ணீர் தேங்கினதற்கு நான்தான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? திட்டுவாரென்று பயமா? அதெல்லாம் இல்லை. சொன்னால் அவர் சிரித்துவிட்டு, 'சேச்சே, உப்பால இந்த மாதிரி நிழல் விழாது' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. அது என் உப்புதான், நான் செய்த அசட்டுத்தனம்தான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் தன் மேல் தப்பு இருக்க வேண்டும் என்று அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள்.

நடுவில் வந்த நாட்களை எப்படிச் சொல்ல? கல்யாணராமனின் வேஷ்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒரு கரண்டி மோர் சாதத்தை ஒரு யுகமாகச் சாப்பிட்டார். நீரஜா சமையலறையில் நின்றபடி மனசுக்குள் கணக்குப் போட்டாள்: உப்பு தண்ணீரை இழுக்கும், தண்ணீர் கஞ்சியை ஒட்டவிடாது, ஒட்டாத இடம் கறுப்பாகத் தெரியும். சரியாகத்தான் வந்தது. அடுத்த நிமிஷமே, அப்படியானால் நிழல் ஏன் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்டது. அந்த மனசை அடக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

பள்ளிக்கூடத்தில் வேளை பார்த்து அந்தப் பாடமே வந்து நின்றது. பேரியம் என்றால் கிரேக்க மொழியில் கனம் என்று பொருள், வெள்ளி போலப் பளபளக்கும், கத்தியால் வெட்டலாம், காற்றுப் பட்டால் கறுத்துவிடும், அதனால் எண்ணெயில் போட்டு வைப்பார்கள், நானே கண்ணால் பார்த்ததில்லை, சுடரில் காட்டினால் இளம்பச்சை என்று சொல்லிக்கொண்டு போனாள். அதன் அடர்த்தியை எழுதினதும் முதல் பெஞ்சிப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், இரும்பைவிட லேசா இருக்கே. அப்புறம் ஏன் கனம்னு பேரு வெச்சாங்க?"

வருஷா வருஷம் யாராவது கேட்கிற கேள்வி. பதில் தயாராக இருந்தது. "முதல்ல கைக்குக் கிடைச்சது அதோட கல்லுதான். கல்லு ரொம்ப கனம். அதைத் தூக்கிப் பார்த்துப் பேர் வெச்சுட்டாங்க. உள்ள இருக்கிறது என்னன்னு அப்போ யாரும்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உள்ளே இருப்பது என்னவென்று. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதினதையே அழித்து அழித்து எழுதினாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீபாவளி அன்று எதிர்வீட்டில் மத்தாப்புக் கொளுத்தினார்கள். சிவப்பு, வெள்ளை, பிறகு பச்சை. கல்யாணராமன் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். புது வேஷ்டிக்கு மேல் பெல்ட் போட்டிருந்தார்.

"நீரஜா, இங்கே வா. உன் பேரியம் எரியறது பார். பச்சை மத்தாப்புல அதுதானேன்னு நீதானே சொல்லியிருக்கே?"

"எனக்கு உள்ளே வேலை இருக்கு" என்று கத்தினாள். எந்த வேலையும் இல்லை. அடுப்பங்கரை விளக்கை அணைத்துவிட்டு அழுதாள்.

இரண்டாம் தரம் எக்ஸ்ரே எடுக்கிற நாள் காலையில், கைப்பையிலிருந்த பேதி உப்பைத் தோட்டத்துக் குழாயடியில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். கல்யாணராமன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பூஜை அலமாரியை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னிக்குத் தீர்த்தம் இல்லையா?"

"இல்லை. இன்னிக்கு வேண்டாம்."

"சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பாஷா கலக்கிக் கொடுத்தார். ரோஸ் எசன்ஸை இந்தத் தரம் கொஞ்சம் கூடவே ஊற்றினார். கல்யாணராமன் மடமடவென்று குடித்தார். மேலுதட்டில் வெள்ளை மீசை வந்தது. நீரஜா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வினோதம் பாருங்கள், அவளுக்கு அந்தக் கஞ்சியின் மேல் ஒரு துளி பயம்கூட இல்லை. கார்பனேட்டும் இல்லை, எலி மருந்தும் இல்லை, எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை நாளாகத் தான் பயந்தது பேரியத்துக்கு இல்லை என்று அப்போது புரிந்தது. அது எதைக் காட்டிக் கொடுக்குமோ, அதற்கு.

படம் வந்தது. சொட்டச் சொட்டக் கம்பியில் தொங்கியது. வயிறு முழுக்க, மாவு அரைத்து ஊற்றினாற்போல வெள்ளை. கீழ்க்கோடியில், அதே இடத்தில், அதே அளவில், அதே நிழல்.

"இந்தத் தடவை வயிறு சுத்தமா இருக்கு, படம் நல்லா விழுந்திருக்கு" என்றார் எக்ஸ்ரே டாக்டர். நல்லா என்ற வார்த்தையைச் சொன்னதும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. படத்தை உறையில் போடுவதில் மும்முரமானார்.

சிதம்பரநாதன் அதிகம் பேசவில்லை. சீக்கிரம் பார்த்துவிட்டோம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லுவார்கள், தைரியமாகப் போங்கள் என்றார். எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் இருவரும் மந்தைவெளி பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். எக்ஸ்ரே உறையை நீரஜா மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பஸ் வருகிற வழியாகக் காணோம். இனியும் தாங்காது என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"ஏன்னா, ஒண்ணு சொல்லணும். முதல் தரம் நான் குடுத்தது தீர்த்தம் இல்லை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கசந்துதே. எந்தப் பெருமாள் கோயில்ல அவ்வளவு கசப்பாத் தீர்த்தம் குடுக்கறா? வாயில வெச்சதுமே உன் பேதி உப்புன்னு தெரிஞ்சுடுத்து."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா குடிச்சேள்?"

"நீ குடுத்தே, குடிச்சேன். அதுக்கு மேல என்ன?"

"அப்போ டாக்டர் கேட்டப்போ ஏன் சொல்லலை? ஒண்ணும் இல்லைன்னு ஏன் சொன்னேள்?"

கல்யாணராமன் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். நிழலை அவரும் பார்த்திருந்தார். சிதம்பரநாதன் உள்ளே பேசினதும் வெளியே பெஞ்சியில் அவர் காதில் விழுந்திருந்தது.

"எக்ஸ்ரே இடத்துல, நான் படத்தைப் பார்க்கறத்துக்கு முன்னாடி, உன்னைக் காட்டிக்குடுக்க மனசு வரலை. பார்த்தப்புறம் சொல்லப் பயமா இருந்தது, நீரஜா. சொன்னா, 'உப்பால இப்படி ஆகாது'ன்னு டாக்டர் சொல்லிட்டா? உன் உப்புதான், உன் உப்புதான்னு நெனச்சுண்டே தீபாவளியை ஓட்டிட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே நம்பிக்கையை, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். நீரஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க. கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை.

பஸ் வந்தது. அவள் இடது பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள், அவர் எதிர்ப்பக்கத்தில். கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு கல்யாணராமனிடம் முதலில் வந்தார்.

"எங்க சார் போணும்?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. திரும்பி நீரஜாவைப் பார்த்தார். டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருமே அதை வாயால் சொன்னதில்லை.

"சார், எங்க?"

வகுப்பின் கடைசி பெஞ்சிக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற குரலில் நீரஜா சொன்னாள்.

"அடையாறு. ரெண்டு."